ஆட்டுக்கொழுப்பு சோப்பு, ஈமு பாம்: தண்டையார்பேட்டை ஞாயிறு வகுப்புக்குப் போய் வந்தேன்

எங்கள் அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறார். விடியற்காலை 3 மணிக்கு ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் கை வைத்தால் பகல் 11 மணி வரைக்கும் அந்தக் கை காயாது. விரல் மடிப்பெல்லாம் வெடித்துக் கிடக்கும், சாதத்துக்கு ரசம் ஊற்றிப் பிசையும்போது முகம் சுருங்கும். மருந்துக்கடை கிரீம் எத்தனையோ வாங்கிக் கொடுத்தாயிற்று, தடவிய அரை மணி நேரத்தில் ஐஸ் தண்ணீரோடு போய்விடுகிறது. தண்ணீரில் கரையாமல் தோலின்மேல் நிற்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று தேடித்தான் இந்தக் கொழுப்பு, எண்ணெய் விஷயத்துக்குள் வந்தேன்.

முதலில் இணையத்தில் ஈமு எண்ணெய் வாங்கினேன். 100 மில்லி 650 ரூபாய். திறந்ததும் மல்லிகை வாசனை. ஈமு எண்ணெய், நெருப்புக்கோழி மாதிரியான ஈமுப் பறவையின் கொழுப்பை உருக்கி எடுப்பது, குளிர்ந்தால் கலங்கிக் கெட்டிப்பட வேண்டும். நான் ஃப்ரிட்ஜில் 2 நாள் வைத்தும் இது தண்ணீர் மாதிரியே இருந்தது. அதை வைத்து மட்டும் கலப்படம் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான், ஆனால் பாட்டிலில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற விவரமே இல்லை, கேட்டு எழுதியதற்குப் பதிலும் இல்லை. ஈமு என்றாலே நம் ஊரில் 2012-இல் பெருந்துறைப் பக்கம் பண்ணைத் திட்டத்தில் பணம் போட்டு ஏமாந்தவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அந்தப் பெயரை வைத்து இன்னும் ஏமாற்றுகிறார்கள் என்று எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

அப்புறம்தான் பக்கத்து வீட்டு அக்கா சொல்லி, சோப்பும் பாமும் (தோலில் தடவுகிற கெட்டிக் களிம்பு) செய்யக் கற்றுக்கொடுக்கிற இந்த வகுப்புக்குப் போனேன். தண்டையார்பேட்டை மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு வீட்டு மாடி. ஞாயிறு காலை 10 முதல் 4 வரை, ஆறு பேர், பொருளோடு சேர்த்து 1,500 ரூபாய். நடத்துகிற அக்கா எடுத்ததும் மேசையில் வைத்தது டிஜிட்டல் தராசு. "கண் அளவுல போடுறவங்க இப்பவே சொல்லிடுங்க, காஸ்டிக் சோடாவுக்கு கண் அளவு கிடையாது" என்றார். காஸ்டிக் சோடாதான் கொழுப்பைச் சோப்பாக மாற்றுகிற காரம், தோலில் பட்டால் பொசுக்கிவிடும். அங்கேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

சோப்புக்கு ஆட்டுக்கொழுப்பு. புளியந்தோப்பு ஆடுதொட்டிப் பக்கமிருந்து வந்தது, அதுவும் குண்டிக்காயைச் சுற்றி இருக்கிற கெட்டியான வெள்ளைக் கொழுப்பு. பொடியாக நறுக்கி, தண்ணீரும் ஒரு கரண்டி கல் உப்பும் போட்டு, சிறு தீயில் உருக்கி, வேட்டித் துணியில் வடிகட்டி ஆறவிட்டால் மேலே தட்டு மாதிரி உறைகிறது. அந்தத் தட்டைத் திருப்பிப் போட்டுக் காட்டினார்: அடியில் பழுப்பு நிறத்தில் கசடு ஒட்டியிருந்தது. கத்தியால் அதைச் சுரண்டி எறிந்துவிட்டு மறுபடி உப்புத் தண்ணீரில் உருக்கினார். முதல் தடவை மாடி முழுக்க ஆட்டுக்கறி வாசனை, மூன்றாவது தடவை மூக்கருகே வைத்து முகர்ந்தால்தான் தெரிந்தது. விரலால் தொட்டேன், மெழுகுவத்தி மாதிரி வழவழப்பு. சோப்பில் கறி வாடை வருமே என்று தயங்குகிறவர்கள் இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும்.

கணக்கு இப்படி: ஆட்டுக்கொழுப்பு 300 கிராம், தேங்காய் எண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50. ஒரு கிராம் ஆட்டுக்கொழுப்பு சோப்பாக மாறச் சுமார் 0.14 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும், தேங்காய் எண்ணெய்க்கு 0.183, விளக்கெண்ணெய்க்கு 0.128. கூட்டினால் 76 கிராம் பக்கம் வரும். அதில் 5 சதவீதம் குறைத்து 72 கிராம் போட்டால் கொஞ்சம் கொழுப்பு சோப்பாகாமல் மிஞ்சும், தோல் வறளாது. தண்ணீர் 150 கிராம். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் கொட்ட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக்மேல் ஊற்றினால் பொங்கி முகத்தில் தெறிக்கும். இதை மட்டும் நாலு தடவையாவது சொல்லியிருப்பார். கண்ணாடி, கிளவுஸ் போடாதவரைத் தராசுப் பக்கமே விடவில்லை. ஒருவர் வீட்டிலிருந்து அலுமினியச் சட்டி கொண்டுவந்திருந்தார், அக்கா அதை வாங்கி வெளியே வைத்துவிட்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்தார். காஸ்டிக் பட்டால் அலுமினியம் அரித்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும், தீப்பிடிக்கிற வாயு.

காஸ்டிக் கரைத்த தண்ணீரும் உருக்கிய கொழுப்பு எண்ணெயும், பாத்திரத்தின் வெளிப்பக்கம் தொட்டால் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் சேர்த்து பிளெண்டரால் அடித்தோம். தோசை மாவுப் பதம் வந்தது. கரண்டியைத் தூக்கிச் சொட்டவிட்டால் விழுந்த கோடு மேலேயே நிற்க வேண்டும், அதுதான் அடையாளம். அச்சில் ஊற்றி மறுநாள் வெட்டி, 5 வாரம் காற்றாட வைத்து, போன வாரம்தான் எடுத்தோம். நுரை குறைவுதான், ஆனால் பால் மாதிரி அடர்த்தியான நுரை. நம் ஊர் ஈரப்பதத்திலும் சோப்புப் பெட்டியில் கரைந்து கூழாகவில்லை. அது எனக்குப் பெரிய விஷயம்.

விலை கூடின ஈமு எண்ணெயைச் சோப்பில் ஏன் போடவில்லை என்று கேட்டேன். இந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பதில் அதுதான். காஸ்டிக் எந்தக் கொழுப்பைத் தின்னும், எதை மிச்சம் வைக்கும் என்று நாம் தீர்மானிக்க முடியாது. ஈமு எண்ணெயும் மற்றதோடு சேர்ந்து சோப்பாகிவிடும், அப்புறம் கழுவி ஊற்றிவிடுவோம். அது தோலில் தங்க வேண்டுமானால் பாமில் போட வேண்டும். "ஈமு சோப்பு" என்று 300 ரூபாய்க்கு விற்கிறார்களே, அதை வாங்குவதற்கு முன் இதை யோசியுங்கள்.

பாம் சுலபம். ஈமு எண்ணெய் 60 கிராம், தேன்மெழுகு 20, ஆட்டுக்கொழுப்பு 10, லானோலின் 10. லானோலின் என்பது செம்மறி ரோமத்திலிருந்து எடுக்கிற மெழுகு, பிசுபிசுப்பாக இருக்கும், ஆனால் தண்ணீரில் கழுவினாலும் சீக்கிரம் போகாது. கம்பளி ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். யாராக இருந்தாலும் முழங்கை உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்றும் சொன்னார். மார்கழிக்கு இந்த அளவு சரி, சித்திரை வெயிலில் டப்பாவுக்குள்ளேயே இளகிவிடும், அதனால் மெழுகை 25 ஆக்கச் சொன்னார். அவர் கொடுத்த ஈமு எண்ணெயை என் ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தேன், ஒரே இரவில் வெண்ணெய் மாதிரி உறைந்தது.

காசிமேட்டிலிருந்து வந்த ஒரு அண்ணன் சுறா ஈரல் எண்ணெய் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். மீன் எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும், சோப்பில் ஆரஞ்சுப் புள்ளி விழும், வாடையும் போகாது என்று அக்கா வாங்கவில்லை. இன்னொருவர் மூட்டு வலிக்கு மயிலெண்ணெயில் பாம் செய்யலாமா என்றார், உடும்பு எண்ணெய் கிடைக்குமா என்றும் கேட்டார். அக்கா முகம் மாறிவிட்டது. மயிலும் உடும்பும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. விற்றாலும் குற்றம், வைத்திருந்தாலும் குற்றம். தெருவோரத்தில் அந்தப் பெயர் சொல்லி விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள் என்று கடுமையாகவே சொன்னார். அப்படி நேராகச் சொன்னதற்காகவே நான் அவரைப் பரிந்துரைப்பேன்.

குறையையும் சொல்ல வேண்டும். மதியத்துக்குமேல் நடந்த லோஷன் பாடம் சரியில்லை. பன்னீரையும் எண்ணெயையும் தேன்மெழுகையும் மட்டும் அடித்து லோஷன் என்றார். தேன்மெழுகு தனியாக நின்று எண்ணெயையும் தண்ணீரையும் பிடித்து வைக்காது. மூன்றாம் நாளே அடியில் தண்ணீர் பிரிந்தது, ஆறாம் நாள் மூடியின் உள்பக்கம் கருப்புப் புள்ளிகள். தண்ணீர் சேர்ந்த எதிலும் பூஞ்சை வரும், கெடாமல் இருக்கப் பிரிசர்வேட்டிவ் போட்டே ஆக வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும் என்பது தப்பு. சோப்பில் இவ்வளவு கறாராக இருக்கிறவர் இங்கே எப்படி விட்டார் என்று எனக்கு வருத்தம். போன் செய்து சொன்னேன், கோபப்படாமல் கேட்டுக்கொண்டார். அவர் மாற்றும்வரை லோஷன் பாதியை வெட்டிவிட்டு 3 மணிக்கே கிளம்பிவிடலாம்.

அம்மா ராத்திரி படுக்கும் முன் பாமைத் தடவி, பழைய காட்டன் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொள்கிறார். 5 வாரம் ஆகிறது. வெடிப்பு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஐஸ் வேலை இருக்கும்வரை போகாது. ரத்தம் கசிவது நின்றிருக்கிறது, ரசம் சாதம் பிசையும்போது முகம் சுருங்குவதில்லை. பக்கத்தில் மீன் விற்கிற இரண்டு அத்தைகளும் டப்பா கேட்டிருக்கிறார்கள். கறிக்கடை பாயிடம் அடுத்த ஞாயிறுக்கு ஒரு கிலோ கொழுப்பு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.