படகு வேலைக்குச் சாரம்: சவுக்கா, இரும்புப் பைப்பா?

தருவைகுளம் பக்கம் கரையேற்றிய விசைப்படகுகளுக்கு வெல்டிங், பெயிண்ட் வேலை எடுத்துச் செய்கிறேன். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளைக்குள் எல்லாப் படகும் வேலை முடிந்து கடலுக்குப் போயாக வேண்டும். அந்த அவசரத்தில் முதலில் அரைகுறையாகிப் போவது, ஆள் ஏறி நின்று வேலை செய்யக் கட்டும் சாரம்தான். பல வருஷம் சவுக்குக் கம்பும் தேங்காய் நார்க் கயிறும் வைத்து ஓட்டினேன். இரண்டு தடைக்காலமாக இரும்புப் பைப்பும் கிளாம்பும்.

சவுக்கு மலிவு, கனம் குறைவு, எங்கே வேண்டுமானாலும் வெட்டிக் கட்டலாம். சரி, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

என்னை மாற்றியது கயிறு. மூன்று வருஷத்துக்கு முன், படகின் முன்முனையான அணியத்துப் பக்கம் பத்தடி உயரத்தில் கிரைண்டர் பிடித்திருந்த பையனின் காலடியில் குறுக்குக் கம்பு ஒரு முனை இறங்கிவிட்டது. படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கித் தப்பினான். “அண்ணாச்சி, முடிச்சு அவிழவே இல்லையே” என்றார் சாரம் கட்டியவர். முடிச்சு அப்படியேதான் இருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்சுற்று கறுத்து, விரலால் நசுக்கியதும் பொடியாக உதிர்ந்தது. வெல்டிங் பொறி இடுக்கில் விழுந்து சத்தமில்லாமல் கனன்றிருக்கிறது. மேலே இருந்த கயிறு புதுசு மாதிரியே தெரிந்தது. அதோடு நார்க் கயிறு நனைந்து காய்ந்தால் பிடி தளரும். கச்சான் காற்றில் கம்பு ஆட ஆட இன்னும் தளரும்.

உப்புக் காற்றில் இரும்பும் கெடத்தான் செய்யும். ஆனால் துரு கண்ணுக்குத் தெரியும். காலையில் ஆள் ஏறுவதற்கு முன் ஸ்பேனரோடு ஒரு சுற்று வந்தால் எந்த கிளாம்ப் தளர்ந்திருக்கிறது, எந்த போல்ட்டின் மரை தேய்ந்திருக்கிறது என்று கையே சொல்லிவிடும். தேய்ந்ததை அப்போதே ஒதுக்கிவிடுகிறேன். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, மரைக்கு கிரீஸ் வைக்க வேண்டும். இந்த வேலையைத் தவிர்க்கிறவர் பைப் வாங்க வேண்டாம். என் ஜிஐ பைப் இரண்டு தடைக்காலம் தாங்கியிருக்கிறது. ஐந்தாம் வருஷத்தில் எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்ல மாட்டேன்.

கைப்பிடிக் கம்பியும் பைப்பில் சுலபம், இன்னும் இரண்டு கிளாம்ப்தான். அமெரிக்கக் கப்பல் பட்டறை விதிப்படி, ஐந்தடிக்கு மேல் உயரமென்றாலும், தண்ணீருக்கு மேலே எவ்வளவு தாழ்வாக இருந்தாலும், 42 முதல் 45 அங்குல உயரத்தில் மேல்கம்பி வேண்டும். நானும் 42-ஐயே பிடித்துக்கொண்டேன். சவுக்கில் அதற்காகத் தனியாகக் கயிறு கட்ட ஒருவரும் மெனக்கெட்டதில்லை.

பைப்பிலும் கவனம் தேவை. மணலில் நேராக ஊன்றினால் இறங்கும், அடியில் இரும்புத் தகடும் கனத்த பலகையும் வேண்டும். இரும்பில் கரண்ட் பாயும், அதனால் தோல் உரிந்த கேபிளைச் சாரத்தில் தொங்கவிட நான் விடுவதில்லை. கிண்ணத்தில் குறுக்குப் பைப்பை மாட்டிப் பூட்டும் கப்லாக் வகையை நேரான பக்கவாட்டில் மட்டும் ஒருமுறை வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன், வேகமாக ஏறுகிறது. வெளியே விரியும் அணியத்துக்கு எந்தக் கோணத்திலும் திரும்பும் கிளாம்ப்தான் எனக்குக் கைகொடுத்தது.

பழைய சவுக்குக் கம்புகள் ஓரத்தில் கிடக்கின்றன. வெயிலுக்குத் தார்ப்பாய் கட்ட ஆகும். ஆள் ஏற அதைக் கொடுப்பதில்லை.