‘வறுத்த சோயா’ மூட்டை வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் நாட்டுக்கோழிக்குச் சொந்தமாகத் தீவனம் கலக்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மூட்டைக்குக் காசு கொடுங்கள். ‘வறுத்து உடைத்த சோயா’ என்று சொல்லி எனக்கு ஒரு தீவன வியாபாரி விற்றது பச்சைச் சோயா. தோல் மட்டும் தீய்ந்த பச்சைச் சோயா.

முழு சோயாவில் புரதம் 36 முதல் 40 சதவீதம் இருக்கும், எண்ணெய் 18 முதல் 20 சதவீதம். மக்காச்சோளம், கம்பு, கொஞ்சம் கருவாட்டுத் தூள், இதோடு சோயா சேர்ந்தால் குஞ்சுத் தீவனம் ஆயிற்று. ஆனால் பச்சையாகப் போடக் கூடாது. அதில் டிரிப்சின் தடுப்பான் என்று ஒன்று இருக்கிறது. புரதத்தைச் செரிக்கவைக்கும் நொதியை அது கட்டிப்போட்டுவிடும். குஞ்சின் கணையம் மேலும் மேலும் நொதியைச் சுரந்து பார்த்து, கடைசியில் வீங்கிப்போகும். நல்ல சூடு காட்டினால் இந்தத் தடுப்பான் பெரும்பாலும் செத்துவிடும். வெறும் தண்ணீரில் ஊறப்போடுவது போதாது.

எங்கள் குஞ்சுகளுக்கு நடந்தது இதுதான். தீவனத் தட்டு காலியாகிக்கொண்டே இருந்தது, உடம்பு மட்டும் ஏறவில்லை. ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளில் ஒன்று புறா அளவு, ஒன்று சிட்டுக்குருவி அளவு. இறகு சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கும். எச்சம் பிசுபிசுவென்று ஒட்டும். வெள்ளைக்கழிச்சலோ என்று பயந்து, செத்த குஞ்சைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அறுத்துப் பார்த்தவர் குடல் வளைவுக்குள் பருத்துக் கிடந்த கணையத்தைக் காட்டி, “சோயா போடுறீங்களா?” என்றுதான் முதலில் கேட்டார்.

வியாபாரியிடம் போனால், “தம்பி, தீவனத்துல ஒரு குறையும் இல்ல. குஞ்சு ரகம் சரியில்ல, தண்ணிய மாத்திப் பாருங்க” என்றார். அப்புறம் பில்லை எடுத்து நீட்டினார். அதில் ‘சோயா’ என்றுதான் இருந்தது. ‘வறுத்த’ என்பது வாயளவில் சொன்னது, சாக்கில் பேனாவால் எழுதியது, அவ்வளவுதான். எத்தனை பேரிடம் இப்படிச் சொல்லிப் பழகியிருந்தால் அவ்வளவு சாதாரணமாக வரும்!

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பச்சைச் சோயாவில் யூரியாவை உடைத்து அம்மோனியாவைக் கிளப்பும் யூரியேஸ் என்ற நொதியும் உண்டு. சூட்டில் தடுப்பானோடு சேர்ந்து இதுவும் அழிந்துவிடும் என்பதால், தீவன ஆலைகளிலேயே இதை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். வீட்டிலும் செய்யலாம். ஒரு கிண்ணத்தில் இரண்டு கரண்டி சோயாத் தூள், வயலுக்குப் போடும் யூரியா ஒரு சிட்டிகை, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை, கொஞ்சம் தண்ணீர். கலக்கி மூடிவையுங்கள். பச்சையாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும், மஞ்சள் சிவக்கும். ஆரத்தியில் சுண்ணாம்பு செய்கிற வேலையை இங்கே அம்மோனியா செய்கிறது. யூரியா போடாமல் இன்னொரு கிண்ணம் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நிற வித்தியாசம் தெளிவாகத் தெரியும். வியாபாரி கண் முன்னாலேயே அவர் கடைத் திண்ணையில் செய்து காட்டினேன். கிண்ணம் ஆரத்தித் தட்டு மாதிரி ஆனதும் பேச்சு அடங்கியது.

நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பெரிய தீயில் சட்டென்று புரட்டி எடுத்தால் தோல் பழுப்பாகிவிடும், உள்பருப்பு வேகாது. என் மூட்டையை வெளிச்சத்தில் பரப்பிப் பார்த்தபோது தோல் துணுக்குகள் கருகியிருந்தன, பருப்புத் துண்டுகள் வெளிர் மஞ்சளாகவே இருந்தன. மென்றால் பச்சை வாடை. இன்னொரு பக்கம், உள்ளே வரை கரும்பழுப்பாகக் கருகியதையும் வாங்காதீர்கள். மஞ்சள் சோதனையில் அது தப்பித்துவிடும், ஆனால் அதிகச் சூட்டில் லைசின் என்ற புரதச் சத்து வீணாகிப்போயிருக்கும். பேசாமல் முழுப் பயறாக வாங்கி, ராத்திரி ஊறவைத்து, அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து உடைத்துக்கொள்வதே நல்லது. விறகுச் செலவு உண்டுதான். சிராவயல் மஞ்சுவிரட்டுக் காளைக்குக் கொள்ளு அவிக்க அலுத்துக்கொள்ளாத ஊர்தானே இது.

மாடு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வளர்ந்த மாட்டை இந்தத் தடுப்பான் அவ்வளவாகப் பாதிக்காது, இரைப்பை நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும். ஆனால் யூரியா சேர்த்த தீவனத்தோடு பச்சைச் சோயா கலந்தால் அம்மோனியா வேகமாகக் கிளம்பி விஷமாகிவிடலாம்.

பில்லில் ‘வறுத்தது’ என்று எழுதி வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம். எனக்குப் பாதிப் பணம் திரும்பி வந்தது, செத்த குஞ்சுகளுக்கு ஒன்றும் இல்லை. மிச்ச மூட்டைகளை அவர் திருப்பி எடுத்துக்கொண்டார், அழித்திருப்பார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. கம்பெனிப் பெயர் இல்லாத வெள்ளைச் சாக்கு, வாயில் சிவப்பு நூல் தையல், நீலப் பேனாவில் ‘வ. சோயா’. பார்த்தால் சோதிக்காமல் வாங்காதீர்கள்.