ஏழாங்கிளாஸ் புள்ளைக்கு ஆப் வாங்கலாமான்னு கேட்ட எதுத்த வீட்டு மைனிக்கு ஒரு ரிவ்யூ

எதுத்த வீட்டு மைனி நேத்து ராத்திரி வந்து, "தம்பி, ஞாயித்துக்கெழம ஒரு பையன் லேப்டாப்போட வீட்டுக்கு வாரானாம், நம்ம பயலுக்கு ஆன்லைன் படிப்பு, டேப்லெட்டும் சேத்து மாசம் ரெண்டாயிரந்தானாம், போடட்டுமா"ன்னு கேட்டாவ. நான் வாயத் தொறக்கதுக்கு முன்னால எங்க வீட்டுக்காரி அடுக்களைல இருந்து ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க, அதுலயே மைனிக்கு பாதி வெளங்கிட்டு. மீதிய இங்க எழுதுதேன், எங்க ஊரு முக்கூடல் மட்டும் இல்ல, அம்பை, வீரவநல்லூரு, ஆலங்குளம் பக்கம்லாம் இந்தப் பயலுவ மறுபடி சுத்துதானுவன்னு கடைக்கு வாரவிய சொல்லுதாவ. நான் திருநவேலி வண்ணாரப்பேட்டைல ஒரு பெயிண்ட் கடைல நிக்கேன், வாத்தியாரு இல்ல, பணத்த விட்டவன், அவ்வளவுதான் தகுதி.

எம்மவ 2020ல ஏழாங்கிளாஸ். ஏழாங்கிளாஸ்னு சொல்லுதேனே தவிர அந்தக் கிளாஸ் பெஞ்ச அவ கண்ணால பாக்கவே இல்ல. ஆறாங்கிளாஸ் மூணாம் பருவப் பரிச்ச எழுதாம 2020 மார்ச்சுல வீட்டுக்கு வந்தவ, திரும்ப உள்ள போனது 2021 நவம்பர் 1, தீவாளிக்கு மூணு நாளைக்கி முன்னால, நேரா எட்டாங்கிளாஸ். பத்து பன்னெண்டுக்கு 2021 ஜனவரி 19லயே தொறந்துட்டாவ, ஒம்போது பதினொன்னுக்கு பிப்ரவரில, நடுவுல மூடி மறுபடி செப்டம்பர் 1ல ஒம்போதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கூப்ட்டாவ. ஆறு ஏழு எட்டு? கடைசி. கொள்ள நோய்ல அத குத்தம் சொல்ல முடியாது, ஆனா அந்த வயசு இருக்கே, சின்னப் புள்ள மாதிரி மடில வச்சி அ ஆ எழுத வைக்கவும் முடியாது, பத்தாங்கிளாஸ்காரன் மாதிரி பரிச்ச பயத்துல தானா உக்காரவும் செய்யாது. அப்பன் ஆத்தாளுக்கோ அதுவரைக்கும் தெரிஞ்ச கணக்கு ஏழாங்கிளாஸ்லதான் தீரும். நான் எட்டு வரைக்கும் படிச்சவன், மைனஸ் கணக்கு வந்ததும் கை விட்டுட்டேன்.

அந்த நேரத்துலதான் அவன் வந்தான், 2020 செப்டம்பர் மாதிரி இருக்கும். மாஸ்க்கு, டை, பையில டேப்லெட்டு. ஆப் பேர சொல்ல மாட்டேன், கேக்காதிய. பய நல்லா பேசுனான். புள்ளைய கூப்ட்டு பக்கத்துல உக்கார வச்சி இங்கிலீஷ்ல ஒரு கணக்கு கேட்டான், அவ தமிழ் மீடியம், கணக்கு தெரியுமோ தெரியாதோ கேள்வியே வெளங்கல, முழிச்சா. ஒடனே எம்பக்கம் திரும்பி கொரல இறக்கி, "பாத்தீங்களா சார், பேஸிக்கே இல்ல". எம்மவ மொகம் அப்பிடியே வாடிட்டு. சத்தியமா சொல்லுதேன், நான் ஆப்புக்கு கையெழுத்து போடல, அந்த மொகத்துக்குப் போட்டேன். மாசம் 1,450 ரூவா, இருவத்திநாலு மாசம், கூட்டிப் பாத்தா 34,800. கூட்டிப் பாத்தது எப்பன்னா அவன் போன பொறவு.

சரி, உள்ள என்ன இருந்துச்சு. படம் அருமை, பொய் சொல்லக் கூடாது, கலரு கலரா, பூமி சுத்துது, இருதயம் துடிக்கி. ஆனா பாடம் எங்க புஸ்தகம் இல்ல, சிபிஎஸ்இ வரிசைல போவுது, பேச்சு பூரா இங்கிலீஷ். முழுக்கள் கணக்குக்கு லிஃப்ட்டு காட்டுதான், லிஃப்ட்டு தரைக்கி மேல மூணு மாடி போவுது, கீழ ரெண்டு மாடி போவுது. முக்கூடல்ல எங்கய்யா லிஃப்ட்டு இருக்கு? புள்ள அதுல ஏறி எறங்கி பாத்ததே இல்ல, அப்பொறம் எப்பிடி மைனஸ் வெளங்கும். வாரம் ஒருக்கா மென்டார்னு ஒரு பொண்ணு போன் பண்ணும், "வீடியோ பாத்தீங்களா"ன்னு கேக்கும், இவ "பாத்தேன் மேம்"பா, அவ்வளவுதான். மூணாவது வாரத்துல இருந்து போன எங்கிட்ட குடுக்கச் சொல்லி எட்டு ஒம்போதுக்கும் சேத்து போட்டா தள்ளுபடின்னு ஆரம்பிச்சிட்டு.

நாலாவது மாசம் நிறுத்தணும்னு போன் பண்ணேன். "டிக்கெட் ரெய்ஸ் பண்ணிருக்கோம் சார்". ஒரு வாரம் கழிச்சி வேற ஆளு, அதே டிக்கெட்டு. பொறவுதான் ஒருத்தரு வெளக்குனாரு, நான் மாசச் சந்தா கட்டல, கடன் கட்டுதேன், கடன் ஆப்க்காரன் பேர்ல இல்ல, ஏதோ ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி பேர்ல இருக்கு, அவன் மொத்தப் பணத்தையும் ஆப்க்காரனுக்கு அன்னைக்கே குடுத்துட்டான், நான் பாடத்த நிறுத்துனாலும் தவணை நிக்காது, நின்னா சிபில்ல, அதான் கடன ஒழுங்கா கட்டுதோமான்னு போடுத மார்க்குல, அடிபடும். டேப்லெட்டுல வெரலால ஒரு கையெழுத்து போட்டேன்லா, அதுதான் பேங்க்ல இருந்து தானா எடுத்துக்கிடுததுக்கு ஒப்புதலாம். 2021 டிசம்பர்ல மத்திய கல்வி அமைச்சகமே, இந்த மாதிரி கம்பெனியில சேரும்போது தானா பணம் பிடிக்கிற ஏற்பாட்டுக்கு ஒத்துக்காதீங்க, எழுதிருக்கத நல்லா படிச்சிட்டு கையெழுத்து போடுங்கன்னு அறிவிப்பு விட்டுச்சு. எனக்கு வந்து சேந்தப்போ பதினஞ்சு தவணை போயிருந்துச்சு. இருவத்திநாலும் கட்டித்தான் தீத்தேன், வேற என்ன செய்ய.

இப்ப கல்வி டிவிக்கு வாரேன், ரிவ்யூன்னா இதுக்குத்தான் எழுதணும். அரசு கேபிள்ல 200ஆவது நம்பரு. கொரோனாக்குன்னு ஆரம்பிச்சதுன்னு நெறைய பேரு நெனைக்காவ, இல்ல, 2019 ஆகஸ்ட் 26லயே தொடங்கிட்டு, நாமதான் சீரியலத் தாண்டி அந்த நம்பருக்குப் போவல. நம்ம அரசுப் பள்ளிக்கூட டீச்சர்மாருதான் வந்து நடத்துதாவ, நம்ம தமிழ், நம்ம புஸ்தகம், பக்க நம்பரு கூட ஒத்துப்போவும். எல்லாத்துக்கும் மேல போன் வேண்டாம். எங்க வீட்டுல அப்ப இருந்தது ஒத்த போன், அத நான் காலைல ஏழரை பஸ்ஸுக்கு எடுத்துட்டுப் போயிருவேன், தெனம் ஒன்ற ஜிபி, சாயங்காலம் வந்து பாத்தா பள்ளிக்கூட வாட்ஸப் குரூப்புல எழுவது மெசேஜி, அதுல நாப்பது ரோஜாப்பூ. டிவிக்கு அந்தப் பாடு இல்ல. இன்ன கிளாஸுக்கு இன்ன நேரம்னு அட்டவணை, அந்த நேரத்துக்கு உக்காந்தே ஆவணும், புள்ளைக்கி பொழுதுக்கு ஒரு ஆணி அடிச்ச மாதிரி. தவறிப்போனா யூடியூப்ல கெடக்கும், ஞாயித்துக்கெழம பாத்துக்கிடலாம்.

ஆனா டிவிங்கது ஒரு பக்கமா பேசுத சாமான். புள்ளைக்கி வெளங்கிச்சான்னு எந்த டிவியும் கேக்காது, ஆப்பும் கேக்காது, கேக்க மாதிரி நாலு விடை காட்டும், இவ கண்ண மூடிட்டு அமுக்குவா.

அத கேட்டது எங்கம்மா. மூணாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ, அம்பது வருசமா பீடி சுத்துதா. மடில சொளவு, அதுல வெட்டுன எல, தூளு, கண்ணு எலைல இருக்கும், காது டிவில இருக்கும். பாடம் முடிஞ்சதும், "ஏட்டி, அந்த டீச்சரு என்ன சொன்னா, எனக்கு ஒரு எழவும் வெளங்கல, நீ சொல்லு"ம்பா. நடிப்பு இல்ல, நெசமாவே வெளங்காது. இவ சொல்லணும், பாதில தெணறுவா, புஸ்தகத்த எடுப்பா, மறுபடி சொல்லுவா. தெனம் இதான். நான் ஒரு நாளு லீவு போட்டு வீட்டுல இருந்தப்போ பாத்தத சொல்லுதேன். மைனஸ் அம்பதுன்னா என்னன்னு இவ எப்பிடி எப்பிடியோ கோடு போட்டு காட்டுதா, கெழவி தலைய நிமிராம, "கொறையா?"ன்னு கேட்டா. பீடிக் கடைல எலையும் தூளும் நிறுத்து தருவாவ, இத்தன பீடி வரணும்னு கணக்கு, எல சொத்தையா இருந்தா பீடி கொறையும், அத கொறைன்னு எழுதி கூலில பிடிப்பாவ. "ஆமா ஆச்சி, கொறைதான்". "அப்ப தெனம் அம்பது கொறைன்னா மூணு நாளைக்கி நூத்தியம்பது கொறை, இதுக்கா டிவி?"

மைனஸும் மைனஸும் பெருக்குனா ப்ளஸ்னு டீச்சரு சொன்னதுலதான் ரெண்டு பேரும் ரெண்டு நாளு நின்னுட்டாவ. எனக்கும் தெரியாது, எனக்கு அது பள்ளிக்கூடத்துல அடி வாங்கி மனப்பாடம் பண்ணது. மூணாவது நாளு நூலு கட்டிக்கிட்டே கெழவி சொல்லுதா, "தெனம் அம்பது கொறைன்னு எழுதுனத, கணக்கப்புள்ள பாவப்பட்டு மூணு நாளு கொறைய அடிச்சி நீக்கிட்டாருன்னு வையி, எனக்கு லாபமா நட்டமா?" புள்ள ஒரு நிமிசம் கம்முனு இருந்தா. பொறவு ஒரு கத்து கத்துனா பாருங்க, எதுத்த வீட்டு மைனி, நீங்கதான் என்னமோ ஏதோன்னு ஓடி வந்திய, நெனவிருக்கா?

இன்னொன்னு, அவ கணக்கு சாரு. பேரு வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. வாரத்துக்கு ஒரு நாளு, நான் போனோட வீட்டுக்கு வந்து சேருத நேரம் பாத்து ஏழு மணிக்கு மேல போன் பண்ணுவாரு. எங்கிட்ட ரெண்டு வார்த்த, பொறவு புள்ளகிட்ட ஒரே கேள்வி, "இந்த வாரம் எது வெளங்கல?" எத முடிச்சேன்னு கேக்க மாட்டாரு. மொத ரெண்டு தடவ இவ "எல்லாம் வெளங்கிட்டு சார்"னா, மூணாவது தடவ அழுதுட்டா, பொறவு சரியாப் போச்சு. எனக்கு சொல்லிக்குடுக்கத் தெரியாதே சார்னு நான் பொலம்புனப்போ, "நீங்க ஒன்னும் சொல்லிக்குடுக்க வேண்டாம், ஒரே நேரத்துல உக்கார வைங்க, இன்னைக்கி என்ன படிச்சேன்னு கேளுங்க, பதில்ல தப்பு இருந்தா கூட திருத்தாண்டாம், நான் பாத்துக்கிடுதேன்"னாரு. சத்துணவுக்குப் பதிலா பள்ளிக்கூடத்துல அரிசி பருப்பு குடுத்தாவல்லா, அத வாங்கப் போவும்போது நோட்டையும் கொண்டாரச் சொல்லி மரத்தடில நின்னே பாத்து அனுப்புவாரு.

புஸ்தகத்துல பாடத்துக்கு பாடம் கட்டம் கட்டமா ஒரு க்யூஆர் கோடு அச்சடிச்சிருக்கும், அரசாங்கத்தோட தீக்‌ஷா ஆப்புல அத காட்டுனா அந்தப் பாடத்து வீடியோ வரும், காசு கெடையாது. ராத்திரி தட்டட்டில போயி நின்னாத்தான் எங்க தெருவுல டவரு கெடைக்கும், கொசுக்கடியோட பாத்தோம். அளவீட்டியல் பாடம் பாத்துட்டு ஆத்துல பொறுக்குன கூழாங்கல்ல அளவு போட்ட மருந்து மூடி, கடைசில அவ தம்பி பால் பாட்டில்னு எதெதுலயோ போட்டு தண்ணி எவ்வளவு ஏறுதுன்னு எழுதிக்கிட்டு இருந்தா. ஆப்ல இதே பாடம் பாத்தா, கல்லப் போடணும்னு அப்ப தோணவே இல்ல. எட்டாங்கிளாஸ் வந்தப்போ இல்லம் தேடிக் கல்வின்னு சாயங்காலம் பக்கத்துத் தெரு தார்சாவுல ஒரு அக்கா சொல்லிக்குடுத்துச்சு, அதும் ஃப்ரீதான், அதப் பத்தி தனியா எழுதலாம், இப்ப நேரமில்ல.

ஸ்டாரு கேப்பிய. கல்வி டிவிக்கு அஞ்சுக்கு நாலு, பக்கத்துல கேள்வி கேக்க ஒரு ஆச்சி இருந்தா அஞ்சு. தீக்‌ஷாவுக்கு மூன்ற. அந்த ஆப்புக்கு ஒன்னு, அதும் அந்த இருதயப் படத்துக்கு. கணக்கு சாருக்கெல்லாம் ஸ்டாரு போட்டா அவரு அடிப்பாரு.

இனி மைனிக்கு. அந்தப் பையன் வந்தா மொதல்ல கேக்க வேண்டியது, பாடம் தமிழ்நாடு புஸ்தகமா, தமிழ்ல இருக்கான்னு. அடுத்து, மாசச் சந்தாவா கடனா, கடன்னா யாரு பேர்ல, நடுவுல நிறுத்துனா மிச்சத் தவணை நிக்குமா, அத எழுதித் தருவியான்னு கேளுங்க. பேச்சுல எல்லாம் நிக்கும்பான், எழுத்துல வாங்குங்க. டேப்லெட்டுல வெரல வைக்காதிய. ஏற்கெனவே மாட்டிக்கிட்டவிய யாராச்சும் இத படிச்சா, 1915ன்னு தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு, புகார் எழுதிக்கிடுவாவ, நான் தெரியாம விட்டது அது. புள்ளைக்கி படிப்புல மனசு ஒடஞ்சி கெடந்தா பள்ளிக்கல்வித் துறை 14417 இருக்கு. பயலுக்கு நெசமாவே எது வெளங்கலன்னு அவங்கிட்ட கேட்டியளா? மார்க்கு கொறஞ்சிட்டுன்னு சொன்னிய, எதுலன்னு சொல்லவே இல்ல.

எம்மவ பத்து முடிச்சி ப்ளஸ் ஒன்னும் சேந்தாச்சு, கணக்கு எடுத்திருக்கா. சாயங்காலம் ஒரு மணி நேரம் உங்க பயல இங்க அனுப்புங்க, அவ கேக்கட்டும். டேப்லெட்டு இப்ப தம்பிக்காரன் கார் ஓட்டுத கேமுக்கு ஆவுது, சார்ஜு அரை மணி நேரம் நிக்காது.

ஞாயித்துக்கெழம எனக்கு கடை லீவு, நானும் வாரேன். அந்தப் பையன் பயல கூப்ட்டு ஒரு கணக்கு கேப்பான், பய முழிப்பான், அப்ப மட்டும் நீங்க பய மொகத்தப் பாத்துறாதிய. எங்கம்மாவ சொளவோட கூட்டிட்டு வாரேன், மைனஸையும் மைனஸையும் பெருக்குனா ஏன் ப்ளஸ்ஸுன்னு அவ அந்தப் பையன்ட்ட கேக்கட்டும்.