குடல் புற்றுக்கு ரத்தம் சொல்லும் கணக்கு: எந்த டெஸ்ட்டை எப்போது நம்பலாம்?

கோபிப் பக்கம் மஞ்சள் போடும் எங்கள் பெரியப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டி. கோவையில் ஆபரேஷன் முடிந்தது. ஃபைல் தூக்குவது என் வேலை. ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் அவர் ஒரே கேள்விதான் கேட்பார்: "ஏங்கண்ணு, இன்னும் எத்தனை வருசம்னு இதுல போட்டிருக்குதா?"

அப்படி எதிலும் போட்டிருக்காது. ஆனாலும் சில எண்கள் கொஞ்சம் பேசும்.

முதலில் சிஇஏ. 1965இல் மான்ட்ரியாலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் கண்டறிந்த புரதம். குடல் புற்று இருந்தால் ரத்தத்தில் இது கூடலாம். பெரும்பாலான லேப்களில் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் வரை சரி. ஆபரேஷனுக்கு முன்பே ஏறியிருந்தால் நோயின் போக்கு சற்று மோசம் என்று பொருள். ஏறியிருந்தது ஆபரேஷனுக்குப் பிறகும் சில வாரங்களில் இறங்காவிட்டால், எங்கோ மிச்சம் இருக்கிறதோ என்று டாக்டர் தேடுவார். பீடி பிடிப்பவர்களுக்கு நோயில்லாமலே கொஞ்சம் கூடும், ஈரல் கோளாறிலும் கூடும். சிலருக்கு நோய் திரும்பினாலும் இது ஏறவே ஏறாது.

எங்கள் வீட்டில் இதனால் ஒரு கலவரம். கோபியில் எடுத்தபோது 3.8, கோவையில் வேறொரு லேபில் 5.6. பெரியம்மா இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மறுபடி கோபியில் எடுத்தால் 3.9! கருவி மாறினால் எண்ணும் மாறும். லேபை மாற்றாதீர்கள், ஒற்றை எண்ணைப் பார்க்காமல் ஏறுமுகமா இறங்குமுகமா என்று பாருங்கள்.

புற்றைக் காட்டும் இன்னொரு ரத்த டெஸ்ட்டான சிஏ 19-9 எனக்குப் பெரிதாகப் படவில்லை. லூயிஸ் ரத்தவகை இல்லாத சிலரின் உடல் அதைச் சுரப்பதே இல்லை.

அப்புறம், காசு கூடுதலாகச் செலவழிக்காமல் கிடைக்கும் ஒன்று: சிபிசி என்ற சாதாரண ரத்த அணு டெஸ்ட்டில், வெள்ளையணு வகைகளான நியூட்ரோஃபிலை லிம்போசைட்டால் வகுப்பது. 72, 18 என்றால் 4. இந்த விகிதம் ஏறினால் ஆயுள் குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. எல்லைக்கோடு எது என்பதில் மட்டும் ஒற்றுமை இல்லை. ஒருவர் 3 என்பார், இன்னொருவர் 5 என்பார். காய்ச்சல் வந்தாலும் கீமோவுக்கு முன் ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் எகிறிவிடும். சிகிச்சை தொடங்குமுன் எடுத்ததை மட்டும் கணக்கில் வையுங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது, நோயின் போக்கைக் கணிக்கும் திருத்தப்பட்ட கிளாஸ்கோ மதிப்பெண். அதில் எல்லைக்கோடு எங்கே என்பது முன்பே முடிவானது. அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதம் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகாவிட்டால் 0. போனால் 1. அதோடு ஈரல் சுரக்கும் அல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே இருந்தால் 2. எண் ஏற ஏற நிலைமை சிரமம். அல்புமின் குறைந்ததும் நாமக்கல் முட்டையை அட்டைக்கணக்கில் வாங்கி வெள்ளைக்கருவை ஊட்டுகிறோம். சத்து தேவைதான், ஆனால் உடம்புக்குள் அழற்சி எரியும்போது ஈரலே அல்புமினைக் குறைத்துவிடுகிறது. முட்டையை மட்டும் நம்பி அந்த எண் ஏறாது.

கடைசியாக, சிடிடிஎன்ஏ. கட்டி உதிர்க்கும் டிஎன்ஏத் துணுக்குகளை ரத்தத்தில் தேடுவது. ஆபரேஷனுக்குப் பிறகும் தென்பட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம். இந்த விஷயத்தில் மற்ற எல்லாவற்றையும் இது முந்தும். 2022இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், இரண்டாம் ஸ்டேஜ் நோயாளிகள் 455 பேர். இந்த டெஸ்ட்டை வைத்து முடிவெடுத்த குழுவில் 15 சதவீதம் பேருக்குத்தான் கீமோ. வழக்கமான முறையில் 28 சதவீதம். இரண்டு வருடத்தில் நோய் திரும்பாதவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். விலைதான் கையைக் கடிக்கும். கீமோ வேண்டுமா வேண்டாமா என்று டாக்டரே தயங்கினால் கேட்டுப் பார்க்கலாம். சும்மா ஆசைக்கு எடுக்க வேண்டாம்.

பெரியப்பாவின் கேள்வியை டாக்டரிடமே கேட்டேன். ரத்த ரிப்போர்ட்டை ஒதுக்கிவிட்டு பயாப்ஸி தாளை எடுத்தார். புற்று பரவியிருக்கிறதா என்று குறைந்தது 12 நிணநீர் முடிச்சுகளையாவது பார்த்திருக்க வேண்டுமாம். இவருக்கு 16 பார்த்திருக்கிறார்கள், ஒன்றிலும் இல்லை. அடுத்த சிஇஏ மஞ்சள் வெட்டு முடிந்ததும், அதே கோபி லேபில்.