ஆற்றில் அழகர் அருமை, மதியம் எல்லாம் முட்டைச் சக்கரம்: ஓர் உள்ளூர் சேனலின் ஒரு நாள்

மதுரைக்குள் மட்டும் தெரிகிற உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றின், கள்ளழகர் வைகையில் இறங்கும் சித்ரா பௌர்ணமி நாள் ஒளிபரப்பு, அதிகாலை 3 மணியிலிருந்து இரவுப் படம் வரை. அன்றைக்கு எந்த சேனலைத் திருப்பினாலும் அழகர்தான். பிறகு இந்த சேனலை எதற்குப் போட வேண்டும் என்றால், படத்தைக் கொண்டுவரும் ஃபைபர் கம்பிக்காக.

வெளியூர் சேனல்களில் பல, நாலைந்து சிம் கார்டு போட்ட முதுகுப்பைக் கருவியை நம்பி வருகின்றன. எல்லா சிம்மின் வேகத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் படத்தை அனுப்பும் கருவி அது. சாதாரண நாளில் பிரமாதமாக வேலை செய்யும். வைகைக்குள் லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் செல்போனைத் தூக்கிப் பிடித்தால் எந்த சிம்முக்கும் மூச்சு இருக்காது. படம் கட்டம் கட்டமாக உடைந்து, குதிரை பாதி வழியில் உறைந்து நிற்கும். உள்ளூர்க்காரர்களுக்கு கோரிப்பாளையம், ஆழ்வார்புரம், செல்லூர் என்று தெருக் கம்பத்திலேயே ஃபைபர் தொங்குகிறது. வைகைக்கு மேலே ஏ.வி. பாலத்தில் ஒரு கேமரா, ஆற்றுக்குள் மேடையில் ஒன்று, தல்லாகுளத்தில் ஒன்று. 3 மணி முதல் 9 வரை ஓர் இடத்தில்கூடப் படம் நிற்கவில்லை. செல்போனில் யூடியூப் நேரலை பார்த்தவர்களுக்கு அரை நிமிடம் தாமதம். கேபிளில் சில விநாடிதான். செல்லூர் பக்கத்து மொட்டை மாடியில் நின்றால் ஆற்றிலிருந்து வரும் ‘கோவிந்தா’வும் வீட்டுக்குள் டிவியின் ‘கோவிந்தா’வும் கிட்டத்தட்ட ஒட்டியே கேட்கும்.

இந்த ஒளிபரப்பில் உயிரான விஷயம் பட்டின் நிறம். பச்சை கட்டி இறங்கினால் ஊர் செழிக்கும் என்பது நம்பிக்கை. ஆகவே பச்சை பச்சையாகவே தெரிய வேண்டும். வெள்ளைச் சமநிலையை, அதாவது வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் கேமரா அமைப்பை, ஆட்டோவில் விட்டால், தங்கக் குதிரையின் மஞ்சள் திரையை நிறைத்ததும் கேமரா தானாக நீலத்தைக் கூட்டிவிடும். பட்டு மயில்கழுத்து நிறமாகிவிடும். இவர்கள் கையால் அமைத்திருந்தார்கள். ஹாலஜன் வெளிச்சத்துக்கு 3200 கெல்வின், விடிந்த பிறகு 5600. பொழுது புலர்கிற நேரத்தில் மேடைக் கேமரா மாற்றிவிட்டது, பாலத்துக் கேமரா மறந்துவிட்டது. கால் மணி நேரம் ஒரு கோணத்தில் பச்சை, மறு கோணத்தில் நீலம். வீரராகவப் பெருமாள் வெள்ளிக் குதிரையில் எதிர்கொண்டு நின்ற இடம் அதில் மாட்டிக்கொண்டதுதான் வருத்தம்.

வர்ணனையாளருக்கு ஊர் தெரியும், கதை தெரியும். வாயை மூட மட்டும் தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலை பற்றி நாலு தடவை சொன்னார். நாதஸ்வரத்தையாவது கேட்க விட்டிருக்கலாம். ராமராயர் மண்டபத்தில் பக்தர்கள் தோல் பையிலிருந்து பீய்ச்சும் துருத்தித் தண்ணீர் லென்ஸில் விழுந்து பத்து நிமிடம் துளித்துளியாகவே படம் ஓடியது. தண்ணீர் பீய்ச்சும் இடம் என்று தெரிந்தே போகிறவர்கள் ஒரு பிளாஸ்டிக் உறையும் ஈரம் உறிஞ்சும் துணியும் கொண்டு போக வேண்டாமா?

10 மணிக்குப் பிறகு சேனல் வேறு ஆளாகிவிடுகிறது. பழைய பாடல்கள் 4:3 என்ற பழைய டிவி அளவில் எடுத்தவை. அப்படியே இன்றைய அகலத் திரை அளவான 16:9-க்கு இழுத்துவிடுகிறார்கள். அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடி, மாட்டு வண்டிச் சக்கரம் முட்டையாகத் தெரிகிறது. பார்ப்பவர் கையில் ஒரு வழி உண்டு: டிவி மெனுவில் பட அளவை 4:3-க்கு மாற்றினால் சக்கரம் வட்டமாகும். மாலைச் செய்திக்கு மறக்காமல் திருப்பி மாற்றுங்கள். சில பாட்டுகளுக்கு இடது ஸ்பீக்கரில் மட்டுமே சத்தம். அடுத்த நொடியே நகைக்கடை விளம்பரம் இரண்டு மடங்கு அலறும். ஒலியளவைத் தானே சமன்செய்யும் வசதி டிவியில் இருந்தால் போட்டுவிடுங்கள்.

1 மணிச் சமையலில் ஜிகர்தண்டா. பாலைக் குறுக்கிய பக்குவம் சரி, நன்னாரி சர்பத் அளவும் சரி. பாதாம் பிசினை அரை மணி ஊறவைத்தால் போதும் என்றது தப்பு. உள்ளே கல்லாக நிற்கும். ஒரு டீஸ்பூன் பிசின் இரவு முழுக்க ஊறினால்தான் கிண்ணம் நிறையப் பூக்கும்.

நாள் முழுக்க அடியில் ஓடும் வரி பெரிய தொல்லை: காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, ஜவுளித் தள்ளுபடி எல்லாம் ஒரே வரிசையில். கேபிள் தொலைக்காட்சி விதிகள் 1994-ன்படி மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது, நிகழ்ச்சிக்கு அடியில் விளம்பர வரி ஓட்டவும் கூடாது. ஓட்டுவதையாவது வாசிக்கிற மாதிரி ஓட்டலாம். செல்போன் எண்ணை எழுதி முடிப்பதற்குள் வரி ஓடிவிடுகிறது. பழைய பெட்டி டிவியில் ஓரம் வெட்டுப்படுவதால் எழுத்தின் அடிப்பகுதி தெரியாது.

7 மணிச் செய்தி இருபதே நிமிடம், கச்சிதம். 71 அடி வைகை அணையில் இப்போது எத்தனை அடி, திருவிழாவுக்கு எத்தனை கன அடி திறந்தார்கள், நாளை எந்தெந்தத் தெருவில் மின்தடை, மாட்டுத்தாவணியில் மல்லி கிலோ என்ன விலை. சென்னைச் செய்தியில் இதெல்லாம் கிடைக்காது.

9.30 படத்தை விட்டுவிடலாம். மறுநாள் இரவு ராமராயர் மண்டபத்தில் அழகர் அவதாரக் கோலங்களில் காட்சி தரும் தசாவதாரத்துக்கு இதே சேனலைப் போடலாம், விடிய விடிய கம்பி அறாமல் வரும். வர்ணனை தாங்காவிட்டால் சத்தத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.