முதலில் மிஸ், பிறகு ஆப்

பெங்களூருவில் நம்மவர்கள் வீட்டில் பிள்ளைக்கு பியானோ என்று பேச்சு எழுந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். 61 கட்டை உள்ள ஒரு கீபோர்டு வந்து இறங்கும். டேப்லெட்டில் ஒரு ஆப் ஏறும். "ஆறு மாசம் பார்ப்போம், ஆர்வம் இருந்தா மிஸ்கிட்ட சேர்த்துக்கலாம்" என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிடுவார். காசைப் பார்த்தால் நியாயமான பேச்சுதான். ஆப்பின் ஒரு வருடச் சந்தா, வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரின் ஓரிரு மாதக் கட்டணத்தில் அடங்கிவிடும். ஆனாலும் வரிசை தலைகீழாக இருக்கிறது என்பது என் கட்சி. ஆரம்பத்தில்தான் மனிதர் வேண்டும். ஆப்பை நம்பிக் காலம் தள்ளுவதெல்லாம் பிற்பாடு.

ஆப்புக்கு எது காதில் விழுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். சிம்ப்ளி பியானோ, ஃப்ளோகீ, யூசிஷியன் போன்றவை நம் வாசிப்பை இரண்டு வழிகளில் பிடிக்கின்றன. ஒன்று, டேப்லெட்டின் மைக். வயர் எதுவும் வேண்டாம், பக்கத்தில் வைத்தால் போதும். ஆனால் சமையலறையில் குக்கர் கூவினால் அது குழம்பும். மூன்று நான்கு கட்டைகளைச் சேர்த்து அமுக்கும் கார்டில் ஒன்று விட்டுப்போனாலும் சில நேரம் சரி என்று தலையாட்டிவிடும். இன்னொன்று மிடி. கீபோர்டின் பின்னால் இருக்கும் யூஎஸ்பி துளையில் கேபிளைச் செருக வேண்டும். 1983-இல் வந்த இந்த முறையில் ஒலியே போவதில்லை, எண்கள்தான் போகின்றன. நடு சி-யை, அதாவது கீபோர்டின் நடுவில் இருக்கும் சி என்ற ஸ்வரத்தின் கட்டையை, அமுக்கினால் 60. எவ்வளவு விசையாக அமுக்கினோம் என்பதற்கு 127 வரை இன்னொரு எண். விரலை எடுத்தால் ஒரு சேதி, பெடலை மிதித்தால் ஒரு சேதி. எந்தக் கட்டை, எந்த நொடி என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. மைக்கா மிடியா என்று கேட்டால் யோசிக்காமல் மிடி என்பேன்.

சரி, இந்த எண்களுக்குள் எது இல்லை? எந்த விரல் அமுக்கியது என்பது இல்லை. மணிக்கட்டு தொங்குகிறதா, தோள் காதுவரை ஏறியிருக்கிறதா என்பதும் இல்லை. கட்டை இறங்கியது, ஏறியது, அவ்வளவுதான். அதை இறக்கிய உடம்பு ஆப்புக்குத் தெரியாது.

இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதை அல்சூரில் அக்கா மகள் வாசிப்பதைப் பார்த்தால் புரியும். சி மேஜர் ஸ்கேலை, அதாவது சி-யில் தொடங்கும் ஸ்வர வரிசையை, வலது கையில் ஏறுவரிசையாக வாசிக்கும்போது விரல்கள் 1-2-3, 1-2-3-4-5 என்று போக வேண்டும். 1 என்பது கட்டைவிரல். நடுவிரல் 'இ'யில் இருக்கும்போதே கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் நுழைந்து 'எஃப்'பைப் பிடிக்கும். அவள் அப்படிச் செய்யவில்லை. 'இ' முடிந்ததும் கையையே தூக்கிக்கொண்டுபோய் ஆள்காட்டி விரலை 'எஃப்' மேல் வைத்தாள். திரையில் எல்லாம் பச்சை, மூன்று நட்சத்திரம், வண்ணக் காகிதம் வேறு கொட்டியது. அதே வாரம் காக்ஸ் டவுனில் ஒரு மிஸ்ஸிடம் கூட்டிப்போனார்கள். சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர், வீட்டின் முன்னறையில் வகுப்பு. பிள்ளை அதே ஸ்கேலை வாசித்தபோது அவர் கட்டைகள் பக்கமே திரும்பவில்லை. பக்கவாட்டில் நின்று முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதியிலேயே, "முழங்கை ஏம்மா பறக்குது? கட்டைவிரல் எங்க போச்சு?" என்றார். பிறகு சத்தமே இல்லாமல் மூடியின் மேல் அந்த ஒரு நுழைவை மட்டும் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். முதல் வகுப்பு அதிலேயே போய்விட்டது. அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம், "ஒரு பாட்டுகூட சொல்லித்தரலையே" என்று.

ஒரு ஆக்டேவுக்குள், அதாவது ஒரு 'ச'விலிருந்து மேல் 'ச'வரை, வாசிக்கும்வரை தப்பான விரலிலும் பிழைப்பு ஓடும். இரண்டாவது ஆக்டேவுக்குப் போனால் விரல் தீர்ந்துவிடும். எஃப் மேஜர் வந்தால் வலது கையின் கணக்கே 1-2-3-4, 1-2-3-4 என்று மாறிவிடும். இதற்குள் ஆறு மாதம் ஆப்பில் ஓடியிருந்தால் விரல்கள் தங்களுக்கென்று ஒரு பாதை போட்டிருக்கும். அதை அழித்து வேறு பாதை போடுவது, புதிதாகச் சொல்லித்தருவதைவிட இரட்டை வேலை. இந்த வேலையை விரும்பிச் செய்யும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை. செலவு மிச்சம் என்று நினைத்தது இங்கே திரும்பிக் கேட்கும்.

விரல் போகட்டும், தாளத்துக்கு வருவோம். இந்த மென்பொருள்கள் பலவற்றில் காத்திருக்கும் வசதி ஒன்று உண்டு. சரியான கட்டையை அமுக்கும்வரை திரை நகராது. புதியவருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அதிலேயே பழகிய பிள்ளை, கஷ்டமான இடம் வந்தால் நின்று, தேடி, அமுக்கி, பிறகு நகரும். நிற்பது தப்பு என்றே அதற்குத் தெரியாது. பாட்டு வகுப்பில் ஸ்வரம் தடுமாறினாலும் தொடையில் தட்டும் கை நிற்காது என்பதை நம் வீடுகளில் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல பியானோ ஆசிரியரும் அதைத்தான் செய்வார். தப்பின கட்டையை விட்டுவிடச் சொல்லி, எண்ணிக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். இதை ஆப்பிலும் கொண்டுவரலாம்: காத்திருப்பதை அணைத்துவிட்டு வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். ஆனால் பத்து வயதுப் பிள்ளை தானாக அதை அணைக்காது.

சிந்தீசியா மாதிரி, மேலிருந்து வண்ணப் பட்டைகள் விழும் மென்பொருள்களுக்கு இன்னொரு குறை. விழும் பட்டையைப் பிடிக்கும் கண், நோட்டேஷன் எழுதும் ஐந்து கோடுகளைப் படிக்கப் பழகுவதில்லை. பாட்டு கைக்கு வந்துவிடும், தாளைக் கொடுத்தால் வாசிக்கத் தெரியாது. அதிலேயே நோட்டேஷனும் காட்டும் வசதி இருந்தாலும், பட்டை விழுந்துகொண்டிருக்கும்போது அதை யார் பார்ப்பது?

நம் வீடுகளுக்கென்று தனியாக ஒரு விஷயம் இருக்கிறது. பியானோவுக்கு வரும் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே எங்காவது கர்நாடக சங்கீதத்தில் சரளி வரிசை பாடிக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்கு 'ச' எங்கே வேண்டுமானாலும் இருக்கும், சுருதிப் பெட்டி சொல்லும் இடத்தில். பியானோவில் 'சி' அசையாது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் பிள்ளையிடம், நம்மூர் ஆசிரியர் ஒருவர் "சங்கராபரணம் பாடு" என்பார். பாடியதும், ஒரு கட்டை சுருதியில், அதாவது சி-யை 'ச'வாக வைத்தால், அந்த ராகம் அத்தனையும் வெள்ளைக் கட்டை என்று காட்டுவார். சுருதியை நாலு கட்டைக்கு, அதாவது எஃப்புக்கு, ஏற்றினால் 'ம' வந்து விழும் இடம் கருப்புக் கட்டை. எஃப் மேஜரில் ஏன் ஒரு பி ஃப்ளாட் வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை. மாயாமாளவகௌளை ராகத்தை அதே சி-யில் வாசித்தால் ரி-யும் த-வும் கருப்புக்குப் போகும். பிள்ளையின் காதில் ஏற்கெனவே இருக்கும் சங்கீதத்தின்மேல் ஏறிப் போகும் வழி இது. ஆப்புக்கு அந்தப் பிள்ளை யார் என்றே தெரியாதபோது இதை எப்படிச் செய்யும்?

இவ்வளவு சொன்னதால் ஆசிரியர்கள் எல்லோரையும் தூக்கி வைக்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த ஊரில் சில வகுப்புகளைப் பார்த்தால் ஆப்பே மேல் என்று தோன்றும். எனக்குத் தெரிந்த ஒரு நிலையத்தில் ஒரே அறையில் நாலைந்து பிள்ளைகள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு கீபோர்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியர் சுற்றி வருவார், அவரும் சில மாதங்களில் மாறிவிடுவார். இன்னொரு ரகம், வருடம் முழுக்கத் தேர்வுக்கான மூன்று பாடல்களை மட்டும் தேய்ப்பவர்கள். சான்றிதழ் வந்துவிடும், நாலாவது பாடல் ஒன்று கேட்டால் பிள்ளை முழிக்கும்.

தேர்வு என்றதும் கணக்கையும் பார்த்துவிடுவோம். மேற்கத்திய இசைக்குக் கிரேடு கிரேடாகத் தேர்வு நடத்தும் அமைப்புகளில் இங்கே அதிகம் அடிபடும் இரண்டு பெயர்கள் டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம். டிரினிட்டியில் மொத்தம் 100. மூன்று பாடல்களுக்குத் தலா 22, ஸ்கேல் முதலான டெக்னிக்கல் பகுதிக்கு 14, துணைச் சோதனைகள் இரண்டுக்குத் தலா 10. 60 எடுத்தால் தேர்ச்சி. ஏபிஆர்எஸ்எம்மில் மொத்தம் 150, தேர்ச்சிக்கு 100. ஆறாம் கிரேடுக்கும் அதற்கு மேலும் போக அங்கே ஐந்தாம் கிரேடு தியரியோ அதற்கு ஈடானதோ முடித்திருக்க வேண்டும், டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை. இதில் பார்த்தவுடன் வாசிப்பது, கேட்டுச் சொல்வது ஆகிய பகுதிகள் மென்பொருளுக்கென்றே அமைந்தவை. தினம் பத்து நிமிடம் புதிய புதிய வரிகளைக் கொடுத்துக்கொண்டே இருக்க எந்த மனிதருக்கும் பொறுமை கிடையாது. பாடல்களும் ஸ்கேலும் ஆசிரியர் கையில் இருக்கட்டும்.

ஆப்பின் உண்மையான பலம் இங்கேதான். மிஸ் வாரத்தில் அரை மணி அல்லது முக்கால் மணிதான். மிச்ச ஆறு நாளும் பிள்ளை தனியாக உட்கார வேண்டும். இடது கையை மட்டும் பிரித்து, குறிப்பிட்ட நாலு பாரை (தாளக் கட்டத்தை) மட்டும் சுற்றவிட்டு, முக்கால் வேகத்தில் நூறு தடவை கூடவே வாசிக்கும் துணை வேண்டுமென்றால் அது மென்பொருள்தான். அடுக்குமாடியில் இரவு ஒன்பதரைக்கு ஹெட்ஃபோனில் வாசிக்கலாம், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்ட மாட்டார். மிஸ் கையால் எழுதிக் கொடுத்த பயிற்சியை மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு ஸ்வரமாகப் பதிந்தால் அது அப்படியே வாசித்துக் காட்டும். விலை கொடுத்து வாங்கும் பல ஆப்களைவிட எனக்கு இதுதான் உபயோகமாகப் படுகிறது.

பெரியவர்கள் விஷயம் வேறு. அவுட்டர் ரிங் ரோடில் வேலை, வீட்டுக்கு வர எட்டரை, நாற்பது வயதில் இளையராஜா பாட்டு நாலு கார்டு பிடித்து வாசிக்க வேண்டும் என்று ஆசை. இவருக்குக் கிரேடும் வேண்டாம், இரண்டு ஆக்டேவ் ஸ்கேலும் அவசரமில்லை. நேராக ஆப்பில் தொடங்கினால் குடி முழுகிப்போகாது. ஒன்று மட்டும்: இந்த ஆப்களின் பாடல் பட்டியல் பெரும்பாலும் மேற்கத்தியது. நமக்கு வேண்டிய தமிழ்ப் பாட்டு அதில் இருக்காது. யூடியூபில் பட்டை விழும் காணொளிகள் கிடைக்கும், அவற்றில் பாதி வலது கை மெட்டை மட்டும் ஒற்றைக் கட்டையாகத் தட்டுவது. பாட்டைக் காதால் கேட்டு கார்டு எழுதித்தரும் ஒருவரை மாதம் ஒரு தடவை பார்த்தாலே போதும்.

போக்குவரத்தை விட்டுவிட்டு இந்த ஊரில் எதையும் ஒப்பிட முடியாது. ஒயிட்ஃபீல்டில் இருப்பவர் மாலை ஐந்தரைக்கு டின் ஃபேக்டரியைத் தாண்டி ஆர்.டி. நகருக்கு வருவது என்றால், 1987-இல் தொடங்கிய, இப்போது அங்கே நடக்கும் பெங்களூர் ஸ்கூல் ஆஃப் மியூசிக்காக இருந்தாலும் பிள்ளை தூங்கிக்கொண்டேதான் உள்ளே போகும். பக்கத்துத் தெருவில் இருக்கும் சுமாரான ஆசிரியர், பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பிரமாதமான ஆசிரியரைவிட மேல். ஆன்லைன் வகுப்பு நடுவழி. அதில் இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்க முடியாது, ஒலி தாமதமாகப் போகும். ஜூம் பியானோ ஒலியைச் சத்தம் என்று நினைத்து வெட்டிவிடும், இசைக்கலைஞர்களுக்கான ஒரிஜினல் சவுண்டை இயக்கிவிட வேண்டும். கேமரா முகத்தைப் பார்க்க வேண்டாம், பக்கவாட்டிலிருந்து முழங்கையும் மணிக்கட்டும் தெரிய வேண்டும். முகம் மட்டும் தெரியும் ஆன்லைன் வகுப்பு, விலை கூடிய ஆப்தான்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது சான்றிதழைவிட நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: "போன வருஷம் உங்க பிள்ளைங்க தேர்வுப் பாட்டு தவிர வேற என்ன வாசிச்சாங்க?" பதில் சட்டென்று வந்தால் சேர்த்துவிடலாம்.

கீபோர்டு வாங்குவது எப்படியும் நடக்கப்போகிறது. அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையாத மாடலை வாங்காதீர்கள், யமஹா பிஎஸ்ஆர்-எஃப்52 போன்ற மலிவு விலை மாடல்களில் அந்த வசதி கிடையாது. யூஎஸ்பி துளையும் பெடல் செருகும் துளையும் இருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். கிரேடு என்ற எண்ணம் இருந்தால் கனமான 88 கட்டைகள் உள்ள டிஜிட்டல் பியானோவுக்கே போய்விடலாம், 61-இல் தொடங்கினால் ஓரிரு வருடத்தில் மாற்ற வேண்டி வரும். கட்டில் மேலோ டைனிங் டேபிள் மேலோ வைத்து வாசிக்கவிட வேண்டாம். ஸ்டாண்டின் உயரம், பிள்ளை உட்கார்ந்தபடி முழங்கை கட்டை மட்டத்தில் நிற்கும்படி இருக்கட்டும். கால் தரைக்கு எட்டவில்லை என்றால் கீழே ஒரு மணைப்பலகையைப் போடுங்கள்.