தையல்காரனின் தாய் சி: மூன்று வருஷ அனுபவம்

மனசு அமைதியாகும் என்று சொல்லித்தான் என்னைத் தாய் சி (மெதுவாக அசைந்து செய்கிற சீனத் தற்காப்புக் கலை) வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு முதலில் தேறியது கால். மனசு கதை அப்புறம்.

தண்டையார்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க மிஷினில் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். படி இறங்கும்போது முட்டி சொன்ன பேச்சு கேட்காது. பெரம்பூரில் கராத்தே மாஸ்டர் ஒருவர் ஞாயிறு காலையில் தாய் சியும் சொல்லித்தருகிறார். அவரிடம் கற்றது 24 அசைவுள்ள சுருக்க வரிசை. 1956-ல் சீன அரசின் விளையாட்டுத் துறை, தாய் சியில் ஒரு வகையான யாங் பாணியிலிருந்து எடுத்து எல்லோருக்கும் ஏற்றபடி அமைத்தது. செய்து முடிக்க ஐந்தாறு நிமிஷம் போதும். கற்றுக்கொள்ளத்தான் மாசக்கணக்கில் ஆகிறது.

அதில் ‘மேகக் கை’ என்று ஒன்று. கைகள் முகத்துக்கு முன்னால் மாறி மாறி வட்டமிடும், கால் பக்கவாட்டில் நகரும். பார்க்கிறவர்கள் கண் கையில்தான் இருக்கும். வேலை நடப்பது கீழே. எடை மொத்தமும் ஒரு காலில் இறங்கின பிறகுதான் மறுகாலை எடுக்கணும். மாஸ்டர் திடீரென்று “அப்படியே நில்லு” என்பார். தடுமாறினால் எடை முழுசாக மாறவில்லை. முட்டி, பாதம் பார்க்கிற திசையிலேயே மடங்கணும், கால்விரலைத் தாண்டக் கூடாது. அசைவை வீடியோ பார்த்தும் பிடித்துவிடலாம். முட்டி உள்பக்கம் சாய்வதை வீடியோ சொல்லாது. ஆரம்பத்திலாவது ஆள் வேண்டும்.

இப்போது படி இறங்கக் கைப்பிடியைத் தேடுவதில்லை. இடுப்பு வலி மட்டும் தீபாவளி சீசனில் தவறாமல் வந்துவிடும், அதைத் தாய் சி மேல் போட முடியாது.

மாமியாருக்குப் பார்க்கின்சன் என்பதால் கொஞ்சம் தேடிப் படித்தேன். 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், அந்த நோயுள்ள 195 பேரைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு விதமாக வாரம் இருமுறை, 24 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். தாய் சி செய்தவர்களுக்கு நிலைதடுமாற்றம் குறைந்தது; வெறுமனே உடம்பை நீட்டி மடக்கியவர்களைவிடக் கீழே விழுவதும் குறைந்தது. டாக்டரிடம் கேட்டுவிட்டு, அவங்களுக்குச் சமையல் மேடையைப் பிடித்தபடி எடை மாற்றுவதை மட்டும் சொல்லிக்கொடுத்தேன்.

சரி, மனசு. அடுத்த அசைவு என்ன என்று யோசித்துக்கொண்டிருந்த வரை பிளவுஸ் ஆர்டர் எதுவும் ஞாபகம் வராது. வரிசை உடம்புக்குப் பழகினதும் எல்லாக் கவலையும் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது! மெதுவாகச் செய்யச் செய்ய, பாதத்தைக் கவனித்தால் கொஞ்சம் அடங்குகிறது. உயிர்ச்சக்தி ஓடுகிறது என்பார்கள். எனக்கு அப்படி எதுவும் ஓடியது தெரியவில்லை.

ராயபுரம் ராபின்சன் பூங்காவில் செய்வேன். 1949-ல் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த இடம், அங்கே வாயைத் திறக்காமல் கையை ஆட்டுகிறவன் நான் ஒருவன்தான். “இன்னாண்ணே, ஸ்லோ மோஷன்ல பாக்ஸிங்கா?” என்று பையன்கள் கேட்பார்கள். பாக்ஸிங் ஊறின ஏரியா, கேட்காமல் இருப்பார்களா? மணலி ஆலைகள் பக்கத்திலிருந்து நெடி அடிக்கிற நாளில் வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்வேன். ஷூ தட்டையாக இருந்தால் போதும்; ஓடுவதற்கான மெத்தென்ற ஷூவில் தரை காலுக்குத் தெரியாது.

ஒற்றைக் காலில் கீழே பதுங்குகிற அசைவில் மட்டும் நான் பாதி உயரத்தோடு சரி. இந்த முட்டிக்கு அதுவே போதும் என்று மாஸ்டரும் சொல்லிவிட்டார்.